நாக்கில் வைத்த மின்சாரம்

மருத்துவ மொழியில் எனக்கு ஆகவே ஆகாத சொல் ‘மைல்ட்’. கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆடும்போது தலையில் அடிபட்ட பையனோ, நின்றிருந்த காரைப் பின்னாலிருந்து இன்னொரு வண்டி இடித்ததில் தலை குலுங்கிய ஆசிரியையோ போனால், கன்கஷன் என்று எழுதி முன்னால் ஒரு ‘மைல்ட்’ போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு ஆகாது. மாதக்கணக்கில் தலைவலி, கிறுகிறுப்பு, கண்கூச்சம். ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் மேல் வரி மறந்துபோகும். திரும்பப் போய் நின்றால், “ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையே!” சாதாரண ஸ்கேனில் கன்கஷன் பெரும்பாலும் தெரியாது என்பது சொல்கிறவருக்கும் தெரியும். இருந்தும் சொல்வார்.

இப்படி விரட்டப்பட்டவர்களுக்காகவே வட அமெரிக்காவில் மூளைத் தூண்டல் கிளினிக்குகள் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் டிஎம்எஸ் ஒன்றும் புரட்டு கிடையாது. 1985இல் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கரும் கூட்டாளிகளும் செய்துகாட்டிய அருமையான காரியம் அது. 2008இல் மனச்சோர்வுக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி தந்தது. பலருக்குப் பலித்தும் இருக்கிறது. ஆனால் கன்கஷனுக்கு அந்த அனுமதி இல்லை. நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள், முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு நோய்க்கு அனுமதி வாங்கிய கருவியை டாக்டர் இன்னொரு நோய்க்குப் பயன்படுத்துவது அங்கே சட்டப்படி சரி. அந்த இடுக்கு வழியாகத்தான் வியாபாரம் உள்ளே வருகிறது.

போன்ஸ் என்ற கருவியின் கதையைப் பாருங்கள். நாக்கின் மேல் வைத்தால் மெல்லிய மின்துடிப்பு தரும், அதோடு கூடவே சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும். ஆய்வில் ஒரு குழுவுக்கு முழுத் துடிப்பு, இன்னொன்றுக்கு ஒப்புக்குக் கொஞ்சம். பயிற்சி இருவருக்கும் உண்டு. இரண்டு குழுவும் தேறின, நம்பும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. உடனே, குறைந்த துடிப்பும் வேலை செய்திருக்கலாமே என்று ஒரு வாதம் வந்தது. தோற்கவே முடியாத வாதம்! தேறியது கருவியாலா பயிற்சியாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று 2019இல் எஃப்டிஏ கையை விரித்தது. கனடா அதற்கு முந்தைய ஆண்டே அனுமதித்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் நிரூபணமாகாத கருவி, அந்தப் பக்கம் பல ஆயிரம் டாலர் சிகிச்சை.

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். அந்த ஆய்வில் ஆட்கள் நிஜமாகவே தேறினார்கள். யாரோ பக்கத்தில் நின்று, தினமும் நேரம் ஒதுக்கி, நிற்கவும் நடக்கவும் மறுபடி பழக்கினார்கள். அதைப் பற்றித் தலைப்புச் செய்தி எதுவும் வரவில்லை. பஃபலோவில் ஜான் லெட்டி குழு, விளையாட்டில் புதிதாக அடிபட்ட 103 பதின்வயதினரிடம் செய்த ஆய்வு 2019இல் வந்தது. அளவான ஏரோபிக் பயிற்சி செய்தவர்கள் 13 நாளில் தேறினார்கள், ஸ்ட்ரெட்சிங் மட்டும் செய்தவர்கள் 17 நாளில். நாள்பட்ட தொல்லைக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் இருட்டறையில் படுத்துக்கிட என்ற பழைய உபதேசத்தைவிட இது எவ்வளவோ மேல். டிரெட்மில்லுக்குக் காப்புரிமை வாங்க முடியாதே, யார் விளம்பரம் செய்வார்கள்?

“பிளாசிபோவா இருந்தா என்ன, எனக்குச் சரியாச்சே” என்பார்கள். சரியானவரிடம் எனக்குச் சண்டையில்லை. சேமிப்பைக் கரைத்து, வாரக்கணக்கில் காந்தச் சுருளுக்குக் கீழே உட்கார்ந்து, ஒன்றும் நடக்காமல் வீடு திரும்புகிறவரைப் பற்றித்தான் கேட்கிறேன். முதலில் ஸ்கேன் அவரை நம்பவில்லை. இப்போது கிளினிக்கும் “உங்க மூளை ரெஸ்பாண்ட் பண்ணல” என்று பழியை அவர் தலையிலேயே போடுகிறது. அடிபட்ட அதே தலையில்.