கடலறிந்த காவல்

பொன்னேரியிலிருந்து வடகிழக்கே செல்லும் சாலை பழவேற்காட்டில் சென்று முடிகிறது. அங்கு ஏரியும் கடலும் அருகருகே கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மணல் திட்டு. அத்திட்டிலும் ஏரிக்கரையிலுமாகச் சிறுசிறு குப்பங்கள். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென்பகுதி மட்டுமே திருவள்ளூர் மாவட்டத்திற்குள் அடங்கும். ஏரியைக் கடலோடு இணைக்கும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் படகு வெளியேற வழியில்லை; இறால் உள்ளே வரவும் வழியில்லை. குடும்பத்தின் வருவாய் மணலின் போக்கைப் பொறுத்து ஏறி இறங்கும் இத்தகைய ஊரில், மாதந்தோறும் தவறாது கைக்கு வரும் ஊதியம் எவ்வளவு பெரிது என்பதை விளக்க வேண்டியதில்லை. காவலர் தேர்வில் ஒருவர் வெற்றி பெறுவது இக்குப்பங்களில் ஒரு வீட்டின் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

அவ்வெற்றியால் குடும்பம் பெறும் பயன் வெளிப்படையானது. அரசு பெறக்கூடிய பயனோ இன்னும் முழுமையாக எண்ணிப் பார்க்கப்படவில்லை. அலையின் நடுவே வளர்ந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, கவாத்துக் கற்பித்து, கடலே இல்லாத ஊருக்கு அனுப்பிவிடுவது விதைநெல்லைக் குற்றிச் சமைப்பதற்கு ஒப்பானது. தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. அதனைக் காக்கும் பணியில் கடலறிந்தோர்க்கு முறையான, நிலையான இடம் வேண்டும்.

தேர்வும் பயிற்சியும்

காவலர்களைத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. எழுத்துத் தேர்வு, உடல் அளவு, உடல் திறன் எனப் படிகள் பல. ஆண்கள் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களுக்குள் ஓடிக் கடக்க வேண்டும், கயிறு ஏற வேண்டும், தாண்ட வேண்டும். பெண்களுக்கு ஓட்டமும் தாண்டுதலும் எறிதலும் உண்டு. இவற்றுள் நீச்சல் இல்லை. முகத்துவாரத்தின் சுழிப்பில் நீந்திக் கரையேறப் பழகிய இளைஞரும், குளத்தில்கூட இறங்கியறியாத இளைஞரும் அக்களத்தில் ஒன்றே. நெடுஞ்சாலையிலும் நகரத்திலும் பணியாற்றப் போகும் காவலர்க்கு இது குறையன்று. கடலோரக் காவலுக்கென ஒருவரைத் தேடும்போதுதான் இவ்வளவுகோல் போதாமல் போகிறது.

தேர்வானவர்கள் காவலர் பயிற்சிப் பள்ளிகளில் ஏழு மாத அடிப்படைப் பயிற்சி பெறுகின்றனர். பின்னர் ஒரு மாதம் காவல் நிலையங்களில் நடைமுறைப் பயிற்சி. நேரடியாகத் தேர்வாகும் உதவி ஆய்வாளர்களுக்கு வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் உள்ள தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகத்தில் ஓராண்டுப் பயிற்சி நடைபெறுகிறது. கவாத்து, துப்பாக்கி சுடுதல், முதலுதவி ஆகியவற்றோடு சட்டப் பாடங்களும் உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களைப் பழையவற்றோடு ஒப்பிட்டுப் படிக்கும் சுமை இப்போதைய பயிற்சியாளர்க்குக் கூடுதலாக வந்து சேர்ந்துள்ளது. விடியலுக்கு முன்பே வலையேற்றிப் பழகியவர்க்கு விடியற்காலை ஊதல் பெரிய துன்பமாக இராது. சட்டமே அவர்க்குப் புதிய கடல். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்னும் அரசமைப்பின் விதியை, ஊர்க் கூட்டத்தில் வழக்குத் தீர்க்கும் வழக்கமுடைய குப்பத்திலிருந்து வந்த இளைஞர் கற்கும்போது, அது அவர்க்கு வெறும் தேர்வு வினாவாக இருப்பதில்லை. இரண்டு நீதிமுறைகளின் எல்லையில் தாம் நிற்கப் போவதை அவர் அப்போதே உணர்ந்துவிடுகிறார்.

பயிற்சி நிறைவு அணிவகுப்பு நாளில் பெற்றோர் வந்து காண்பர். அதன்பின் வரும் முதல் பணியிடம் பெரும்பாலும் காவல் நிலையமாக இராது. ஆயுதப்படையாகவோ தமிழ்நாடு சிறப்புக் காவல் படையாகவோ இருக்கும். காவல் நிலையப் பணி சில ஆண்டுகள் கழித்தே வாய்க்கும். பாதுகாப்புப் பணிகளில் நின்று பழகுவது இளங்காவலர்க்கு நல்லதே. கடல் அறிவோ பயன்படுத்தாவிடில் மங்கும். ஏரியின் ஆழம் ஆண்டுதோறும் மாறுகிறது. சென்ற ஆண்டு படகு சென்ற வழியில் இவ்வாண்டு மணல் கிடக்கலாம். பல ஆண்டுகள் உள்நாட்டில் பணியாற்றித் திரும்புபவர், தம் ஊரின் முகத்துவாரத்தையே மீண்டும் கற்க வேண்டியிருக்கும்.

மும்பை கற்பித்தது

கடற்கரையில் காவல் வைப்பது தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொண்டு, பண்டங்களில் புலிச்சின்னம் பொறித்துக் காத்த அலுவலரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. இக்காலத்தில், இலங்கைப் போரின் சூழலில், 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. நாடு முழுவதும் கடலைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான்.

2008ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று பத்துப் பயங்கரவாதிகள் கடல்வழியே மும்பைக்குள் நுழைந்தனர். நடுக்கடலில் இந்திய மீன்பிடிப் படகு ஒன்றைக் கைப்பற்றி, கரையை நெருங்கியதும் ரப்பர் படகில் ஏறி, மீனவர் குடியிருப்பை ஒட்டிய கரையில் இறங்கினர். அவர்களை முதலில் ஐயத்துடன் நோக்கிக் கேள்வி கேட்டவர்கள் அங்கிருந்த மீனவர்களே. தம் கரையில் ஏறும் படகு தம் ஊர்ப் படகா, வேற்றூர்ப் படகா என்பது அவர்களுக்குப் பார்த்த அளவில் தெரியும். அந்தக் கண்ணைப் பயிற்சிப் பள்ளியில் ஏழு மாதத்தில் உருவாக்க இயலாது.

அதன்பின் கடலோரக் காவல் நிலையங்கள் பெருகின. விரைவுப் படகுகள் வாங்கப்பட்டன. ‘சாகர் கவச்’ என்னும் ஒத்திகை நடத்தப்படுகிறது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரை, மாநிலக் கடலோரக் காவலரின் எல்லை என வகுக்கப்பட்டுள்ளது. 2018ஆம் ஆண்டு குஜராத்தின் ஓகாவில் கடலோரக் காவலர்களுக்கெனத் தேசியப் பயிற்சியகமும் தொடங்கப்பட்டது. நிலத்தில் பயின்ற காவலரைக் கடலுக்குப் பழக்க வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. கடலுக்குப் பழகியவர்க்குச் சட்டம் கற்பிப்பது அதனினும் எளிது. இவ்வழி இன்னும் போதிய அளவில் மேற்கொள்ளப்படவில்லை. படகைப் பணம் கொடுத்து வாங்கலாம். இரவில், விளக்கின்றி, மணல் திட்டுகளுக்கு நடுவே அதனைச் செலுத்தும் கையைச் சந்தையில் வாங்க முடியாது.

கடற்காவல் என்பது பயங்கரவாதிகளைத் தேடுவது மட்டுமன்று. பழவேற்காட்டுக்கு அதனினும் அண்மையான துயரம் ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் சுற்றுலா வந்த குடும்பத்தினர் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். சுற்றுலாப் படகு விடுவது தடை செய்யப்பட்டது. தடை ஆணைக்கு ஒரு தாள் போதும். விடுமுறை நாளில் கரையில் நின்று, ஆளேற்றும் படகை நிறுத்துவதற்கு, இன்று நீரோட்டம் எப்படி இருக்கிறது, அப்படகு எத்தனை பேரைத் தாங்கும், அதனை ஓட்டுபவர் ஏன் அவ்வருவாயை விட முடியாதிருக்கிறார் என்பனவற்றை அறிந்த ஒருவர் வேண்டும். அறியாதவர் ஒன்று அச்சுறுத்துவார். அல்லது கண்டும் காணாதவர்போல் இருப்பார்.

உறவும் சட்டமும்

இக்கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உள்ளது. குப்பத்தில் பிறந்தவர் குப்பத்தின் பக்கமே சாய்வார் என்பது அது. இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்னும் முறை நெடுங்காலமாக வழங்குகிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலையிடுவது என்பதை ஊரார் முறைவைத்துத் தீர்மானிப்பர். அம்முறையில் உரிமையுடைய ஊர்களும் உண்டு. உரிமை கோரி நிற்போரும் உண்டு. இத்தகைய பூசலில், சித்தப்பன் ஒருபுறமும் மாமன் மறுபுறமும் நிற்க, நடுவே சீருடையணிந்து நிற்கும் இளைஞரின் நிலை எளிதானதன்று. வழக்குப் பதிந்தால் வீட்டில் சோறு கசக்கும். பதியாவிடில் ஏற்ற உறுதிமொழி பொய்க்கும்.

இதற்குத் தீர்வு, அவரைக் கடலிலிருந்தே விலக்குவதன்று. பிறந்த ஊரின் காவல் நிலையத்தில் ஒருவரை அமர்த்தாமல், அதே கடற்கரையின் வேறொரு பகுதியில் அமர்த்தலாம். பழவேற்காட்டு இளைஞர் மாமல்லபுரத்திலோ கடலூரிலோ பணியாற்றட்டும். அவ்வூர் இளைஞர் பழவேற்காட்டுக்கு வரட்டும். நீரோட்டமும் மணல் திட்டும் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பது உண்மையே. ஆயினும் வாடைக்கும் கொண்டலுக்கும் வேறுபாடு அறிந்தவர், புதிய கரையை ஒரு பருவத்தில் கற்றுக்கொள்வார். வேண்டியது சொந்தக் கடல். சொந்த ஊர் அன்று. மேலும், தம்மவர்க்குச் சலுகை காட்டுவார் என்னும் ஐயம் கடலோர மக்கள்மீது மட்டும் எழுப்பப்படுவது முறையன்று. உழவர் வீட்டுப் பிள்ளை வயல் தகராற்றை விசாரிக்கும்போது அக்கேள்வி எழுவதில்லை.

பெண்கள் பற்றியும் இங்குக் கூற வேண்டும். 1973ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது அவர்களின் எண்ணிக்கை இருபதைச் சற்றே கடந்திருந்தது. அதன் பொன்விழா ஆண்டான 2023இல், பெண் காவலர்கள் சென்னையிலிருந்து பழவேற்காடு சென்று, அங்கிருந்து கோடியக்கரை வரை பாய்மரப் படகில் பயணம் செய்து திரும்பினர். ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். அப்பயணம் பாராட்டுக்குரியது. ஏரிநீரில் இடுப்பளவு நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் வாழும் கரையிலிருந்து எத்தனை பேர் கடலோரக் காவல் படகில் நிலையான பணியில் உள்ளனர் என்னும் கேள்வி, பாய்மரம் இறக்கப்பட்ட பின்னும் எஞ்சி நிற்கிறது.

எந்த வாயில் வழியே?

மீனவ இளைஞரைக் காவலில் ஈடுபடுத்தும் முயற்சிகள் நடந்துள்ளன. ஒக்கிப் புயலுக்குப் பின் கேரளம், மீனவ இளைஞர்களுக்குக் காவல் பயிற்சி அளித்து, ஒப்பந்த முறையில் கடலோர வார்டன்களாக நியமித்தது. தமிழ்நாட்டிலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தில் மீனவ இளைஞர்கள் ஊர்க்காவல் படையினராகச் சேர்க்கப்பட்டனர். இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் ஊர்க்காவல் படைப் பணி நிரந்தரமானதன்று. பணியாற்றும் நாளுக்குப் படி உண்டு. காவலர்க்குரிய மாத ஊதியமும் பதவி உயர்வும் இல்லை. அறிவை முழுமையாகப் பெற்றுக்கொண்டு பணியைப் பகுதியாகத் தருவது நியாயமாகாது. கடலோரக் காவலர்க்கெனத் தனிப் பிரிவாகத் தேர்வு நடத்தி, நீச்சலையும் படகு செலுத்துதலையும் அதில் மதிப்பெண்ணுக்குரியனவாக்கி, தேர்வானவரைக் கடலோர நிலையங்களிலேயே முதற்பணியில் அமர்த்துவது அரசால் இயலாத செயலன்று. இது சலுகையுமன்று. அப்பணிக்குத் தேவையான திறனைச் சோதிப்பது மட்டுமே. உள்நாட்டு ஊரில் பிறந்தவரும் நீந்தக் கற்று அத்தேர்வை எழுதலாம்.

இதற்கிடையே, இந்தியக் கடற்படை, கடலோரக் காவல்படைத் தேர்வுகளுக்கு மீனவ இளைஞர்களை ஆயத்தப்படுத்தும் பயிற்சியைக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் வழங்கி வருகிறது. அதில் சேர விழைவோர் ஒன்றைப் பதினொன்றாம் வகுப்பிலேயே அறிந்திருத்தல் நலம். அப்படைகளின் மாலுமிப் பணிகள் பலவற்றுக்கு, மேல்நிலைத் தேர்வில் கணிதமும் இயற்பியலும் பயின்றிருக்க வேண்டும். பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளில் இதனை எடுத்துச் சொல்ல ஆளில்லாமையால் அவ்வாயில் பலர்க்கு அடைபட்டுவிடுகிறது.

பழவேற்காட்டுக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா உள்ளது. அங்கு ராக்கெட் ஏவப்படும் நாள்களில் இப்பகுதி மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாமென அறிவிக்கப்படுகிறது. உலகமே அண்ணாந்து பார்க்கும் அந்நாள், குப்பத்திற்கு வருவாயில்லாத நாள். அறிவிப்போடு கரைக்கு வரும் இளங்காவலரிடம் முதியவர் ஒருவர் கேட்கக்கூடும்: “நேத்து விட்ட வலை கடல்லயே கிடக்குதே தம்பி, அதுக்கு என்ன வழி?” வலையென்றால் என்னவென்று அறியாத காவலர் ஆணையை மீண்டும் ஒருமுறை படித்துக் காட்டுவார். அறிந்தவரோ, அவ்வலை எவ்வளவு தொலைவில் கிடக்கிறது, எடுக்க எவ்வளவு நேரமாகும், தடை தொடங்க இன்னும் எத்தனை மணி உள்ளது என்று கேட்பார்.