சென்னை-69லிருந்து கடலுக்கு...

குன்றத்தூர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு சார். ரேஷன் கார்டில் காஞ்சிபுரம் மாவட்டம். கல்யாணப் பத்திரிகையில் சென்னை-69! அந்த அறுபத்தொன்பதை நம்பி, கோடை லீவில் மாமா, அத்தை, அவர்களுடைய வாண்டுகள் என்று ஒரு பட்டாளமே வந்து இறங்கும். காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்னே கேள்வி வரும்: "பீச் பக்கம்தானே மாப்ளே?"

பக்கம்தான். ஒரு மணி நேரம், அப்புறம் ஒரு மணி நேரம்!

பஸ் பிடித்துப் பல்லாவரம் போய், மின்சார ரயிலில் 'கடற்கரை' என்று போர்டு பார்த்து ஏறிவிடாதீர்கள். அந்த ஸ்டேஷனில் இறங்கினால் பாரிமுனையும் துறைமுகச் சுவரும்தான் தரிசனம் தரும். மணல் வேண்டுமென்றால் மெரினாவுக்கோ பெசன்ட் நகருக்கோதான் போகணும்.

வெள்ளைக்காரன் வெயில் காயக் கடற்கரைக்குப் போவான். நாம் வெயிலுக்குப் பயந்து போகிறவர்கள். நாலு மணிக்கு மேல்தான் நமக்கு பீச்! "கடல்ல சூரியன் மறையறதைப் பார்க்கணும்" என்று அத்தை ஆசைப்பட்டால், பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நம்முடையது கிழக்குக் கடற்கரை. சூரியன் மறைவது முதுகுப் பக்கம்... அதாவது நம்ம குன்றத்தூர் பக்கம். அதைப் பார்க்க முருகன் கோயில் மலை ஏறினாலே போதும், டிக்கெட் காசு மிச்சம்!

சுண்டல் வரும் வரை வாண்டுகளுக்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்லலாம். மெரினா என்று பெயர் வைத்தவர் கவர்னர் கிராண்ட் டஃப், 1880களில். அப்போது இவ்வளவு மணல் கிடையாது. துறைமுகம் கட்டினார்கள். அதன் சுவர், தெற்கிலிருந்து வந்த மணலைத் தடுத்து நிறுத்தியது. மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு! எதிரே ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டியைச் சேர்த்து வைத்த கட்டடம். 1897ல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான்.

இப்போது கொஞ்சம் சீரியஸ், பிரதர். மாமாவும் அத்தையும் சுண்டலோடு கரையில் உட்கார்ந்து விடுவார்கள். பயமெல்லாம் நம்ம வயசு ஆசாமிகளைப் பற்றித்தான். ஞாயிற்றுக்கிழமை, நாலு ஃப்ரெண்ட்ஸ், "டேய், இடுப்பு வரைக்கும்டா!" அவ்வளவுதான்.

கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டுமல்லவா? குறுகலான ஓர் இடத்தில் சேர்ந்து, ஆறு மாதிரி கடலுக்குள் ஓடும். அங்கே பெரும்பாலும் அலை உடையாது. பார்த்தால் பரம சாதுவாகத் தெரியும். நாமும் "இங்கே அலை கம்மி" என்று அங்கேதான் இறங்குவோம்! கிணற்றில் கற்ற நீச்சல் அங்கே உதவாது. இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள், கை ஓய்ந்துவிடும். மிதந்து, கையைத் தூக்கிக் கத்துங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு திரும்புங்கள். நண்பன் மாட்டினால் பின்னாலேயே குதிக்க வேண்டாம். மிதக்கிற காலி கேனோ கயிறோ வீசுங்கள். மீனவரையோ போலீஸையோ கூப்பிடுங்கள்.

பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, சினிமாவில்கூடப் பார்த்திருப்பீர்கள். அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்காதவர் குறைவு. அது ஷ்மிட் என்ற டேனிஷ்காரரின் நினைவுச் சின்னம். 1930 டிசம்பர் 30ம் தேதி, அங்கே தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்தவர். அடுத்தவரைக் காப்பாற்றத் துணிந்த மனுஷனுக்கே அந்தக் கதி. நாம் ஏரித் தண்ணி குடிச்சு வளர்ந்த ஆட்கள்!

ஆகவே, கணுக்கால் நனைந்தால் போதும் சார். திங்கட்கிழமை காலையில் மேனேஜர் திட்டுவதற்கு ஆள் வேண்டுமில்லையா?