பலாலி தரும் பாடம்

அச்சுவேலித் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறும் விவசாயி, சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் விமானத்தை நிமிர்ந்து பார்க்கிறார். 2019இல் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்கு வந்து செல்லும் அந்த ஏ.டி.ஆர். விமானம் ஒரு நாட்டின் படைப்பன்று. பிரான்சும் இத்தாலியும் 1981இல் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய தொழிலின் பயன் அது. உடல் இத்தாலியில் உருவாகிறது. துலூஸ் நகரில் விமானம் முழுமை பெறுகிறது. எந்திரமோ கனடா நிறுவனத்தினுடையது.

பெருமுதலும் பெருநட்டமும் ஒருவர் தோள் தாங்கக் கூடியன அல்ல. ஆதலாற்றான் வல்லரசுகளும் கைகோக்கின்றன. கூட்டுறவுச் சங்கத்தின் பயனறிந்த நம் விவசாயிக்கு இது புதுக்கதையன்று.

இந்தியா 2021இல் எயர்பஸ் நிறுவனத்திடம் 56 சி-295 விமானங்களை வாங்க உடன்பட்டபோது, அவற்றுள் 40ஐ டாட்டா நிறுவனம் இந்தியாவிலேயே கட்டவேண்டுமென வகுத்துக்கொண்டது. பொருளோடு தொழிலையும் கேட்டுப் பெறுவதே விவேகம்.

அச்சுவேலியில் விமானம் கட்டுவோமென நாம் பகற்கனவு காணவில்லை. ஓர் ஆணியை, ஒரு தகட்டைப் பிழையின்றிச் செய்யக் கற்பிக்கும் பட்டறையொன்று அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையில் அமையவேண்டும் என்கிறோம். அரசினரும் எந்திரவியல் கற்ற நம்மவரும் இதில் ஒன்றுபடுக. பலாலியை அண்டிய காணிகளை இழந்தோரின் பிள்ளைகளுக்கு அங்கே முதலிடம் வேண்டும். விமானத்தின் நிழல் மட்டும் நம் மண்ணில் விழுந்தாற் போதாது.