நூல், ஊசி, நாலு பேர்

கேமரன் மலைக்குச் சுற்றுலா போனால் ஸ்ட்ராபெரி, தேயிலையோடு ஒரு கம்பளித் தொப்பியும் வாங்கி வருவோம். கோலாலம்பூர் வந்ததும் அது அலமாரிக்குள் போய்விடும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரிஞ்சாங்வாசிகளுக்கு அப்படியில்லை. சுங்கை பாலாஸ் போன்ற தேயிலைத் தோட்டங்களில் காலைப் பனியில் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குக் கம்பளி அன்றாடத் தேவை. அந்தத் தொப்பியை நாமே பின்னக் கற்றுக்கொண்டால் என்ன?

"அதற்குத்தான் யூடியூப் இருக்கிறதே, வகுப்பு எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஊசிப் பின்னலுக்கு அடிப்படை இரண்டே கண்ணிகள். ஒன்று நேர்க் கண்ணி, மற்றொன்று அதன் மறுபக்கமான எதிர்க் கண்ணி. இரண்டையும் காணொளியில் பார்த்துவிடலாம். ஆனால் நூலை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதைத் திரை சொல்லாது. புதிதாகப் பின்னுகிறவர்கள் பெரும்பாலும் பயத்தில் இறுக்கிவிடுவார்கள். அடுத்த வரிசையில் ஊசி உள்ளே நுழையாது. பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் உங்கள் விரலைத் தொட்டு, "கொஞ்சம் தளர்த்துங்கள்மா" என்றால் ஒரு நிமிடத்தில் புரியும்.

கண்ணி நழுவினாலும் இதே கதைதான். ஒன்று நழுவினால் அது ஏணிப்படி போல வரிசை வரிசையாகக் கீழே பிரியும். தனியாக இருந்தால் எல்லாவற்றையும் உருவிவிட்டு ஊசியை மூலையில் வீசுவோம். தெரிந்தவர் கையில் ஒரு கொக்கி ஊசி இருந்தால், அந்த ஒரு கண்ணியை மட்டும் படிப்படியாக மேலே ஏற்றிவிடுவார். இடக்கைக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஆசிரியருக்கு எதிரே உட்கார்ந்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துப் பின்னலாம்.

இதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்குத் தெரிந்த உண்மை இது: "எப்படி இருக்கிறீர்கள்?" என்று நேருக்கு நேர் கேட்டால், "நல்லா இருக்கேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கைக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். கண் ஊசியில் இருக்கும்போது மனம் தானாகத் திறக்கும். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, தோட்ட வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு அப்படி ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிது! வேலைக்காக மலைக்கு வந்து, யாரையும் தெரியாமல் அறைக்குள் கைப்பேசியோடு இருக்கும் இளைஞருக்கும் அது தேவைதான்.

2013இல் பிரிட்டனின் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த கருத்தாய்வில் பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்கள் பதிலளித்தார்கள். அடிக்கடி பின்னுவதால் மனம் அமைதியாகிறது என்றார்கள். குழுவாகப் பின்னுவோர் மகிழ்ச்சியும் மனிதத் தொடர்பும் கூடியதாகச் சொன்னார்கள். இது அவர்களே சொன்ன அனுபவம். இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்னையில் நடந்ததையும் பாருங்கள். 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' இணையத்தில் உருவான குழு. பலரும் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளை ஒன்றிணைத்து, 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கி கின்னஸ் சாதனை படைத்தார்கள். இணையம் அறிமுகம் செய்துவைத்தது. போர்வையை விரிக்க ஓரிடத்தில் கூட வேண்டியிருந்தது.

நமக்குச் சாதனை வேண்டாம், ஒரு மஃப்ளர் போதும். தோட்டத்திலோ கோயிலிலோ பின்னத் தெரிந்த ஓர் அக்காவையோ பாட்டியையோ தேடுங்கள். பொதுமண்டபத்தில் வாரம் ஒன்றரை மணி நேரம், ஆறு பேர். ஆளுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஊசி ஒரு ஜோடி, நடுத்தரத் தடிமனில் வெளிர் நிற நூல் ஓர் உருண்டை வாங்குங்கள். கறுப்பு நூல் வேண்டாம், கண்ணி தெரியாது. ஆண்களும் வரலாம்; குளிர் எல்லாருக்கும் பொதுதானே!

புலனக் குழுவில் இன்றே ஒரு செய்தி போடுங்கள். "யாருக்குப் பின்னத் தெரியும்?" என்று கேளுங்கள். உங்கள் வரிசையிலேயே ஒருவர் இருக்கக்கூடும்.