கட்டணம் நீங்கினாலும் நீங்காத பாரபட்சம்

அமெரிக்காவில் ஏழைகள் உரிய சிகிச்சையைப் பெற முடியாதிருப்பதற்குக் காப்புறுதி இன்மையே பிரதான காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. ஆனால், அந்நாட்டின் முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களத்திற்கு இக்காரணம் பெருமளவுக்குப் பொருந்தாது. ஏறத்தாழ 170 வைத்தியசாலைகளையும், பதிவுசெய்துகொண்ட சுமார் 90 இலட்சம் பயனாளிகளையும் கொண்ட அரச சேவை அது. அத்தகைய சேவையிலும் சத்திரசிகிச்சையைப் பெறுவதில் இனரீதியான வேறுபாடு நிலவியமையே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விடயமாகும்.

கறுப்பினப் படைவீரர்களுக்கென டஸ்கிகீ நகரில் 1923 இல் தனியான வைத்தியசாலை திறக்கப்பட்டது. படைகளில் இன ஒதுக்கலுக்கு முடிவுகட்டும் உத்தரவை ஜனாதிபதி ட்ரூமன் 1948 இல் பிறப்பித்தார். படைவீரர் வைத்தியசாலைகளின் தனிப்பிரிவுகள் 1954 அளவில் இல்லாதொழிக்கப்பட்டன. ஆயினும், சட்டம் அகற்றிய சுவர் நடைமுறையில் முற்றாக அகன்றுவிடவில்லை. இருதய நோயுற்ற கறுப்பினப் படைவீரர்கள், வெள்ளையினத்தவரைவிடக் குறைவாகவே குருதிக்குழாய் அடைப்பு நீக்கும் சிகிச்சையையும் மாற்றுவழிச் சத்திரசிகிச்சையையும் பெற்றனர் என்பதை 1993, 1994 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் எடுத்துக்காட்டின. குறைவான சத்திரசிகிச்சை எப்போதும் கூடுதலான மரணங்களுக்கு இட்டுச்செல்வதில்லை என்பதும் அவ்வாய்வுகளில் ஒன்றிலேயே தெரியவந்தது. எனினும், தேவையுள்ளவருக்கு அது கிடைக்கின்றதா என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது.

இதற்கு வைத்தியர்களின் மனச்சாய்வை மாத்திரம் காரணங்காட்டிவிட முடியாது. முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையைக் கறுப்பினப் படைவீரர்கள் ஏற்கத் தயங்குவது ஆராயப்பட்டபோது, அதனால் கூடுதல் வலியும் நீண்டகால முடக்கமும் ஏற்படுமென அவர்கள் எதிர்பார்த்தமை தெரியவந்தது. அச்சிகிச்சையால் குணமடைந்த ஒருவரையேனும் அறிந்திராதோர் அவர்களிடையே அதிகம். அதே டஸ்கிகீ நகரில், சிபிலிஸ் நோயுற்ற கறுப்பினத்தவருக்கு உரிய மருந்தை மறுத்து 1932 முதல் 1972 வரை அரச சுகாதாரப் பிரிவு நடத்திய ஆய்வை அச்சமூகம் மறந்துவிடவில்லை. எனவே, நோயாளியே மறுத்துவிட்டார் எனப் பதிவேட்டில் எழுதிவிடுவதுடன் வைத்தியரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை.

உளநோயுள்ளவரின் நிலையும் இதனையொத்ததே. அவர் சொல்லும் உடல்வலி உளநோயின் வெளிப்பாடாகவே கொள்ளப்படுகின்றது. அவரால் சம்மதம் அளிக்க முடியுமா, மருந்துகளை ஒழுங்காக உட்கொள்வாரா, வீட்டில் பராமரிக்க எவரேனும் உள்ளனரா என்ற ஐயங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றன. மாரடைப்புக்குள்ளான உளநோயாளர் ஏனையோரைவிடக் குறைவாகவே இருதயச் சிகிச்சை பெற்றனர் என, அமெரிக்க முதியோர் காப்புறுதிப் பயனாளிகள் குறித்து 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறியது. ஆனால், படைவீரர் வைத்தியசாலைகளை ஆராய்ந்த 2003 ஆம் ஆண்டின் ஆய்வொன்றில் இவ்விடைவெளி சிறிதாகவே காணப்பட்டது. ஆகவே, இத்தகைய பாரபட்சம் தவிர்க்க முடியாத ஒன்றல்ல. போர்க்களத்தில் பெற்ற மனவடுவே ஒருவரின் உடற்சிகிச்சைக்கும் தடையாவதை எந்த நியாயமும் ஏற்காது.

சத்திரசிகிச்சையின் பின்னரான மரணங்களையும் சிக்கல்களையும் வைத்தியசாலை வாரியாகக் கணக்கிட்டு ஒப்பிடும் திட்டத்தை 1994 இல் ஆரம்பித்து, இத்திணைக்களம் ஏனைய வைத்தியசாலைகளுக்கு முன்மாதிரியாக விளங்கியது. ஆனால், அக்கணக்கு சத்திரசிகிச்சைக் கூடத்தினுள் சென்றவர்களைப் பற்றியது. பரிந்துரைக்கப்படாதவர், அச்சத்தால் மறுத்தவர், காத்திருந்து களைத்துத் திரும்பியவர் ஆகியோர் அதில் இடம்பெறுவதில்லை. இவர்களையும் கணக்கிலெடுத்து, மறுப்பிற்கான காரணத்தை விசாரித்து, உளநல வைத்தியரையும் சத்திரசிகிச்சை நிபுணரையும் ஒன்றாக அமர்த்தி முடிவெடுக்கச் செய்வதே உரிய பரிகாரமாக அமையும்.

இலவச வைத்திய சேவையைப் பெருமையாகக் கருதும் நாமும் இதிலிருந்து பெறவேண்டிய படிப்பினை ஒன்றுண்டு. கட்டணத்தை நீக்குவது நீதியின் முதற்படி மாத்திரமே. வாசலுக்கு வந்தவர்களில் எவர் சிகிச்சை பெறாமல் திரும்பினார் என்பதையும் கேட்டறியும் சேவையே அனைவருக்கும் உரிய சேவையாக முடியும்.