‘தொந்தரவு ஒன்றும் இல்லை’ என்பது பரிசோதனை முடிவு ஆகாது

கர்ப்பிணிகளுக்குச் சிறுநீர்த் தொற்றுக் குறித்து ‘விழிப்புணர்வு’ ஊட்ட வேண்டும் என்பது கருத்தரங்குகளிலும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களிலும் தவறாமல் நிறைவேறும் தீர்மானம். எரிச்சல், அடிக்கடி நீர் பிரிதல், அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று சுவரொட்டியில் ஒரு பட்டியல் இருக்கும். இவை தோன்றினால் மருத்துவரை நாடுக என்று கீழே ஒரு வரி இருக்கும். தவறில்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் உள்ள எதுவுமே அதில் தோன்றாது. அதன் பெயரே அறிகுறியற்ற பாக்டீரியூரியா. அறிகுறி இல்லாத ஒன்றை அறிகுறிப் பட்டியலைக் கையில் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்வதற்கு அறிவூட்டல் என்று பெயரிட முடியாது. ஆய்வகத்தின் வேலையைப் பெண்ணின் தலையில் இறக்கி வைப்பதே அங்கு நடக்கிறது.

1956இல் பாஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் காஸ் ஓர் அளவுகோலை முன்வைத்தார். ஒரு மில்லி லிட்டர் சிறுநீரில் 1,00,000 அல்லது அதற்கு மேற்பட்ட கிருமித் தொகுதிகள் வளர்ந்தால், அவை சேகரிக்கும்போது ஒட்டிக்கொண்ட அழுக்கல்ல, சிறுநீர்ப்பையிலேயே பெருகியவை என்று கொள்ளலாம் என்பது அதன் சாரம். இந்த வரையறையில் நோயாளியின் சொல்லுக்கு இடமே இல்லை. எண்ணிக்கைக்கு மட்டுமே இடம். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேர்வரை இந்நிலையில் இருப்பதாக மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. கர்ப்பமில்லாத ஆரோக்கியமான பெண்ணுக்கு இதைத் தேடவும் வேண்டாம், மருந்து கொடுக்கவும் வேண்டாம். கர்ப்பத்தில் கதை வேறு. புரோஜெஸ்டரோன் சிறுநீர்க்குழாய்களைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பை அவற்றை, குறிப்பாக வலப்பக்கத்துக் குழாயை, அழுத்துகிறது, நீர் தேங்குகிறது. சிறுநீர்ப்பையில் சத்தமின்றி இருந்த ஈ.கோலை சிறுநீரகம்வரை ஏற வழி கிடைக்கிறது. சிறுநீரகத் தொற்றாக முற்றியபின் வரும் குளிர்காய்ச்சலுக்கும் விலாவலிக்கும் யாரும் சுவரொட்டி படித்துக் காட்டத் தேவையில்லை.

மொழி இங்கே செய்யும் வேலையைப் பேச வேண்டும். மருத்துவர்கள் அதைப் பேசுவதில்லை. ஆரணியாற்று அணை இருக்கும் பிச்சாட்டூரை எடுத்துக்கொள்ளலாம். ஊத்துக்கோட்டையிலிருந்து நாகலாபுரம் வழியாகத் திருப்பதிக்குப் போகும் சாலையில் உள்ள ஊர். 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்படும்வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல வேளைகளில் ஒரே வீட்டில் புழங்கும் எல்லைப்பகுதி. இந்த உபாதைக்குத் தமிழில் உள்ள சொற்கள் நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, சூடு. தெலுங்கில் ‘மண்ட்ட’ என்றால் எரிச்சல். ‘வேடி சேசிந்தி’ என்றால் சூடு பிடித்துவிட்டது. இரு மொழிகளிலும் பெயர்கள் அனைத்தும் உணர்ச்சியிலிருந்தே பிறந்தவை. கடுத்தால் கடுப்பு, சுருக்கென்றால் சுருக்கு. எதுவும் உணரப்படாத தொற்றுக்கு இரு மொழியிலும் வீட்டுச் சொல் கிடையாது; இருக்கவும் முடியாது. ஆகவே செவிலியர் ‘மண்ட்டகா உந்தா?’ என்று கேட்டாலும் ‘எரிச்சல் இருக்குதா?’ என்று கேட்டாலும், இல்லை என்று அப்பெண் சொல்லும் பதில் முற்றிலும் உண்மையானது. அந்த உண்மையான பதிலைத்தான் பதிவேடு ‘தொந்தரவு இல்லை’ என்று எழுதிக்கொள்கிறது. படிப்பவர் அதையே ‘தொற்று இல்லை’ என்று வாசிக்கிறார். ஒருத்தி தன் உணர்வைப் பற்றிச் சொன்னது, அவளுடைய சிறுநீரைப் பற்றிய கூற்றாகிவிடுகிறது.

இரண்டாவது குழப்பம் இதைவிட ஆழமானது. ‘சிறுநீர்ச் சோதனை எடுத்தாயிற்று’ என்ற வாக்கியம். தமிழகத்துச் சிற்றூர்களில் இதற்கு ‘உப்பு, சர்க்கரை பார்த்தாயிற்று’ என்று பொருள். (அல்புமின் என்னும் புரதத்துக்கு ‘உப்பு’ என்ற பெயர் எப்படி வாய்த்தது என்பது தனி ஆய்வுக்குரியது.) தாய் சேய் பாதுகாப்பு அட்டையிலும் சிறுநீருக்கு நேரே அல்புமின், சர்க்கரை என்றே கட்டங்கள். அல்புமின் முன்சூல்வலிப்பைக் கண்டறிய, சர்க்கரை நீரிழிவைக் கண்டறிய, இரண்டும் தேவையானவை. கிருமி இருக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டுமே பதில் சொல்லா. ஆயினும் ‘சிறுநீர்ச் சோதனை’ என்ற ஒரே தொடர் இரண்டு வெவ்வேறு கேள்விகளை மூடிவிடுவதால், கேட்கப்படாத கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதாக அட்டை தோற்றம் தருகிறது.

நைட்ரைட் பட்டை இருக்கிறதே என்பர். பட்டையில் நிறம் மாறக் கிருமி நைட்ரேட்டை நைட்ரைட்டாக்க வேண்டும்; எல்லாக் கிருமிகளும் அதைச் செய்வதில்லை. செய்பவையும் செய்து முடிக்கச் சிறுநீர் சில மணி நேரம் பைக்குள் தங்க வேண்டும். அரை மணிக்கொரு முறை எழுந்து போகும் கர்ப்பிணியிடம் அதை எதிர்பார்ப்பது வேடிக்கை. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பேறுகாலப் பராமரிப்புப் பரிந்துரை இதில் தெளிவாக இருக்கிறது: இடைநீரை எடுத்துச் செய்யும் நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனை, அதாவது கல்ச்சர், அது இயலாத இடத்தில் பட்டையைவிட கிராம் சாயச் சோதனை, தொற்று உறுதியானால் ஏழு நாள் நுண்ணுயிர்க்கொல்லி.

மறுதரப்பின் வலுவான வாதத்தை மறைக்கக் கூடாது. 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இடர் குறைந்த, ஒற்றைக் கரு சுமந்த பெண்களில் மருந்து பெறாத பாக்டீரியூரியாக்காரர்களுக்குச் சிறுநீரகத் தொற்று வந்தது 2.4 விழுக்காட்டினருக்கே, கிருமி இல்லாதவர்களில் 0.6. பழைய நூல்கள் சொன்ன 30 விழுக்காடு எங்கே, இது எங்கே! குறைப்பிரசவத்தோடும் தொடர்பு தென்படவில்லை. வங்கதேசத்தின் சில்ஹெட்டில் கர்ப்பிணிகளிடம் தொற்றைத் தேடிச் சிகிச்சையளித்த பெரிய ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. அங்கும் குறைப்பிரசவம் குறையவில்லை. ஆகவே ‘கல்ச்சர் செய்தால் குறைப்பிரசவம் ஒழியும்’ என்று முழங்குவோர் அந்த முழக்கத்தைக் கைவிடட்டும். ஆனால் நெதர்லாந்துக் கணக்கிலும் ஆபத்து நான்கு மடங்கு. அது பொறுக்கியெடுத்த ஆரோக்கியமான பெண்களின் கணக்கு. காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவமனை எட்டும் நாட்டின் கணக்கு. இரத்தசோகையோடு வயல்வேலைக்கும் நூறுநாள் வேலைக்கும் போகிறவள், கழிவறை இல்லாத இடத்தில் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்கிறவள், காய்ச்சல் முற்றியபின் புத்தூருக்கோ திருப்பதிக்கோ வண்டி தேடுகிறவள் அந்தக் கணக்குக்குள் இல்லை. எல்லாவற்றையும் கணக்கிலெடுத்த பின்னரும் 2018இல் கனடாவின் பணிக்குழு தயக்கத்தோடும், 2019இல் அமெரிக்கப் பணிக்குழு மதிப்பீட்டில் ஒரு படி இறக்கியும், கர்ப்பிணிக்குக் கல்ச்சர் செய்க என்றே முடிவு கூறின.

‘ஏற்கெனவே நுண்ணுயிர்க்கொல்லி மிகை; இதற்கும் மருந்தா?’ என்பது அடுத்த கேள்வி. மருந்து இப்போது மட்டும் அளந்தா கொடுக்கப்படுகிறது? வழக்கமான சிறுநீர் அறிக்கையில் சீழ்ச்செல்கள் நாலைந்து கூடினால், அவை வெள்ளைப்படுதலிலிருந்து கலந்தவையா என்றுகூடப் பாராமல் மாத்திரை எழுதுவது எங்கும் காணும் வழக்கம். தொற்று இல்லாதவள் விழுங்குகிறாள், உள்ளவள் ‘தொந்தரவு இல்லை’ என்று வீட்டுக்குப் போகிறாள். கல்ச்சர் இரண்டையும் ஒருசேரத் தடுக்கும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதையும் அதுவே சொல்லும்.

பல்கலைக்கழகங்கள் இதில் கைகழுவ முடியாது. ‘கர்ப்பிணிகளிடையே அறிகுறியற்ற பாக்டீரியூரியா’ என்பது நம் நாட்டு நுண்ணுயிரியல் முதுநிலை ஆய்வேடுகளுக்கு வற்றாத தலைப்பு. மாதிரி சேகரிக்கிறார்கள், விழுக்காடு போடுகிறார்கள், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கல்ச்சர் செய்ய வேண்டும் என்று கடைசி அத்தியாயத்தில் பரிந்துரைக்கிறார்கள். ஆய்வேடு நூலகத்துக்குப் போகிறது. அடுத்த ஆண்டு அதே தலைப்பில் இன்னொருவர் அதே பரிந்துரைக்கு வந்து சேர்கிறார்.

செலவு என்று சொல்லித் தப்பவும் இடமில்லை. காசநோய்க்குச் சளியும் மலேரியாவுக்கு இரத்தப்பூச்சும் பார்க்கும் நுண்ணோக்கி உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம் சாயத்துக்குத் தனிக்கட்டடம் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் தொகுத்த ஆய்வுகளின்படி, தொற்றுள்ளவர்களில் நூற்றுக்கு 86 பேரைச் சாயம் பிடிக்கிறது. பட்டை 73 பேரை. மாதந்தோறும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளை வரவழைக்கும் மத்திய அரசுத் திட்டம் 2016 முதல் இருக்கிறது. அன்று சிறுநீர் எப்படியும் வாங்கப்படுகிறது. இடைநீரை எடுக்கும் முறையை இரு மொழியிலும் சொல்லிக்கொடுத்து, தூய குப்பியில் வாங்கி, குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றே பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புவது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. சில்ஹெட்டில் வீடுவீடாகச் சென்றே அதைச் செய்தார்கள்.

உண்மையான சிக்கல் அதற்குப் பின்னால் இருக்கிறது. கல்ச்சர் முடிவு வர இரண்டு நாளாகும். அதற்குள் அவள் வீடு திரும்பியிருப்பாள். தலைப்பிரசவமானால் சில வாரங்களில் எல்லை தாண்டி ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தாய்வீட்டுக்கே போய்விடுவாள். முடிவை அவளிடம் சேர்ப்பவர் யார், ஏழு நாள் மருந்து முடிந்தபின் மறுசோதனை செய்பவர் யார், தெலுங்கில் எழுதிய அட்டையை அங்கே வாசிப்பவர் யார் என்பதற்கு இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் எழுத்தில் ஒரு பெயர் குறிக்க வேண்டும். அட்டையில் அல்புமினுக்கும் சர்க்கரைக்கும் கீழே, கல்ச்சர் எடுத்த தேதி, வளர்ந்த கிருமி, கொடுத்த மருந்து என்று மூன்று கட்டங்கள், இரு எழுத்திலும் அச்சிடப்பட வேண்டும்.