அரசன் வீழ்ந்தான், கதையைச் சொல்வது யார்?

டென்மார்க்குக்கு உறவினரைப் பார்க்க வருவோரை எம்மவர்கள் விரும்பி அழைத்துச் செல்லும் இடங்களுள் ஹெல்சிங்கோர் நகரின் குரோன்போர்க் கோட்டையும் ஒன்று. கடலுக்கு அப்பால் சுவீடன் கரை தெரியும். ஷேக்ஸ்பியர் தமது ‘ஹம்லற்’ நாடகத்துக்குக் களமாகக் கொண்ட கோட்டை இதுவே என்று பிள்ளைகள் பள்ளியிற் படித்ததைச் சொல்வார்கள். 1816 ஆம் ஆண்டில் அந்நாடகம் முதன்முதலாக இக்கோட்டையிலேயே நடிக்கப்பட்டது. ஆனால் அதன் கடைசி அங்கத்துக்கும் டென்மார்க்கில் வாழும் தமிழருக்கும் உள்ள தொடர்பை அங்கு நின்று பேசுவோர் மிகக் குறைவு. அதனை நினைவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்ணனான அரசனை நஞ்சூற்றிக் கொன்று, முடியையும் அண்ணியையும் தனதாக்கிக் கொண்டவன் குளோடியஸ். கொல்லப்பட்டவனின் மகன் ஹம்லற். நாடகத்தின் நடுப்பகுதியில் குளோடியஸ் தனிமையில் மண்டியிட்டு இறைவனிடம் மன்னிப்புக் கேட்க முயல்கிறான். குற்றத்தாற் பெற்ற பயன்களைக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்பைப் பெற இயலாது என்பதும் அவனுக்குப் புரிகிறது. புரிந்தும் எதையும் விட்டுக்கொடுக்க மனமின்றி எழுந்து செல்கிறான். அவனது வீழ்ச்சி அந்தக் கணத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஐந்தாம் அங்கத்தில் அது முற்றுப்பெறுகிறது. ஹம்லற்றைக் கொல்வதற்காக வாட்போட்டி ஒன்றை ஏற்பாடு செய்கிறான் அரசன். எதிராளி லேயட்டஸின் வாள் முனையில் நஞ்சு. அருந்துவதற்கு வைத்த கிண்ணத்திலும் நஞ்சு. அக்கிண்ணத்தை அறியாமல் எடுத்துக் குடிப்பவள் அரசி. குடிக்காதே என்று வாயளவில் தடுக்கிறான் குளோடியஸ். உண்மையைச் சொல்லித் தடுத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அவனது குற்றம் வெளிப்பட்டிருக்கும். அவன் சொல்லவில்லை. அவள் சாயும்போதும், இரத்தத்தைக் கண்டு மயங்கினாள் என்று சபைக்குப் பொய்யுரைக்கிறான். சாகும் தறுவாயில் உண்மையைச் சொல்பவன் லேயட்டஸ். அவன் அரசனைச் சுட்டிக்காட்டுகிறான். ஹம்லற்றிடம் மன்னிப்பைக் கேட்டுப் பெறுகிறான். குளோடியஸோ கடைசி மூச்சுவரை எதனையும் ஒப்புக்கொள்வதில்லை. முதற் குற்றத்துக்குப் பலியானவர் ஒருவர். அதனை மூடிமறைக்கச் செய்தவற்றுக்குப் பலியானோரோ பலர்.

இனி நாடகத்தை விட்டு, நாம் அறிந்த டென்மார்க்குக்கு வருவோம்.

1983 ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம், டென்மார்க்கில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிகளுக்குத் தமது மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ளும் உரிமையை வழங்கியிருந்தது. அவ்வாறிருந்தும் 1987 செப்டம்பரில், நீதியமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழரின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைக் கிடப்பிற் போடுமாறு அதிகாரிகளைப் பணித்தார். சட்டம் மாற்றப்படவில்லை. பாராளுமன்றத்துக்கும் அறிவிக்கப்படவில்லை. விண்ணப்பங்கள் மேசையில் உறங்கின. அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்தியப் படையினருடனான போர் மூண்டது. ஷெல் வீச்சுக்கிடையே மனைவியும் பிள்ளைகளும்; ஜட்லாந்தின் சிறு நகரங்களில் தபாற்பெட்டியைத் திறந்து பார்த்தபடி கணவன்மார். அந்நாட்களை வாழ்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

முறைப்பாடுகள் எழுந்தன. அரச நிர்வாகத்தின் தவறுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் 1989 இல் வெளியிட்ட அறிக்கையில் கண்டனம் தெரிவித்தார். அவ்வாண்டு ஜனவரியிலேயே நின்-ஹான்சன் அமைச்சுப் பதவியிலிருந்து நீங்கிப் பாராளுமன்றத்தின் சபாநாயகராகியிருந்தார். ஒக்டோபரில் அப்பதவியையும் துறக்க நேர்ந்தது. ஆனால் அந்த ஏப்ரலிற் பிரதமர் பௌல் ஷ்லூட்டர் பாராளுமன்றத்தில் எழுந்து, கம்பளத்துக்கு அடியில் எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்று உறுதிகூறினார். டெனிஷ் அரசியலில் இன்றுவரை மறக்கப்படாத சொற்கள் அவை. நஞ்சருந்திச் சாய்ந்தவளை மயங்கினாள் என்று சொன்ன குளோடியஸின் பொய் இவ்விடத்தில் நினைவுக்கு வராமற் போகாது. ஷ்லூட்டர் கொலைகாரரல்லர், அவரை அவ்வாறு ஒப்பிடுவது நேர்மையுமாகாது. ஆயினும் மறைப்பின் இயல்பு அரண்மனையிலும் பாராளுமன்றத்திலும் ஒன்றேதான். பிறர் தொடங்கிய தவறுக்குத் திரை பிடிப்பவரும் அத்தவறின் பங்காளியாகிறார்.

உயர்நீதிமன்ற நீதியரசர் மொகென்ஸ் ஹோன்ஸ்லெட் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்தது. பிரதமர் பாராளுமன்றத்துக்குத் தவறான தகவலை அளித்தார் என அது குறைகூறியது. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995 ஜூன் 22 இல், அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றமான றிக்ஸ்றெற், நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. 1910 க்குப் பின்னர் அந்த நீதிமன்றம் வழங்கிய முதற் தீர்ப்பு அதுவே. அவர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குச் சென்றார்; 1999 இல் அவரது மனு ஏற்கப்படாது தள்ளுபடியானது. 2014 இல் அவர் காலமானார்.

எமது சிலப்பதிகாரத்துப் பாண்டியன் வேறு வகையானவன். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் அவனுக்குச் சாட்சியும் வேண்டியிருக்கவில்லை, ஆணைக்குழுவும் வேண்டியிருக்கவில்லை. தன் தீர்ப்புத் தவறென்று கண்ட கணமே உயிர்விட்டான். அத்தகைய மன்னரை இன்று எதிர்பார்க்க முடியாது. ஆகையால் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளாத ஆட்சியாளரை ஒப்புக்கொள்ள வைக்கும் நிறுவனங்கள் ஒரு நாட்டுக்கு வேண்டும். டென்மார்க்கில் அவை இருந்தன. நாம் பிறந்த நாட்டில் எமக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் இவற்றைவிட ஆயிரம் மடங்கு பெரியவை. அவற்றுக்காக எந்த அமைச்சரும் இவ்வாறு கூண்டில் நிறுத்தப்படவில்லை.

இவ்விடத்தில் எம்மவரிடையே உலவும் ஒரு பெருமிதத்தையும் சொல்லவேண்டும். “ஒரு டெனிஷ் அரசாங்கத்தையே கவிழ்த்தவர்கள் தமிழர்” என்று விருந்துகளிற் பேசிக்கொள்கிறோம். அவ்வரசைக் கவிழ்த்தவர்கள் நாமல்லோம். இந்நாட்டின் சட்டமும், அதனைக் கையில் எடுத்த வழக்கறிஞரும், ஒம்புட்ஸ்மனும், பத்திரிகையாளரும், எதிர்க்கட்சியினருமே அதனைச் செய்தனர். வாக்குரிமையற்ற சில நூறு அகதிகளின் உரிமைக்காக ஓர் அரசு பதவி இழக்க முடியும் என்பதே இதில் வியக்கத்தக்கது. அந்த வியப்பை வீண் பெருமையாக்கிவிடக் கூடாது.

திரை முற்றாக விழுந்துவிட்டது என்றும் எண்ணலாகாது. 2021 டிசம்பர் 13 இல் அதே நீதிமன்றம், முன்னாள் குடிவரவு அமைச்சர் இங்கர் ஸ்டொய்பேர்க்குக்கு 60 நாட் சிறைத்தண்டனை விதித்தது. ஒருவர் 18 வயதுக்குக் குறைந்தவராயிருந்த அகதித் தம்பதியரை, தனித்தனியே ஆராயாமற் பிரித்து வைக்கும்படி 2016 இல் விடுத்த பணிப்பே குற்றமாயிற்று. பாராளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்ட அவர், 2022 தேர்தலிற் புதிய கட்சியின் தலைவராக மீண்டும் உள்ளே வந்தார். புகலிடம் கோருவோர் விடயத்தில் அமைச்சர் சட்டத்தைக் கடந்து செல்லும் ஆசை, ஒரு தீர்ப்புடன் தீர்ந்துவிடுவதில்லை. இன்று புகலிட முகாம்களிற் காத்திருப்போர் எந்த நாட்டவராயினும், 1987 இல் நாம் நின்ற இடத்திலேயே நிற்கின்றனர். அவர்களைப் பற்றி எம்மவர் சிலர் பேசும் பேச்சைக் கேட்கையில், நாம் எமது சொந்தக் கதையை மறந்துவிட்டோமோ என்ற ஐயம் எழுகிறது.

ஐந்தாம் அங்கத்தில் அரசன் இறந்ததும் நாடகம் முடிவதில்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஹம்லற் இறக்கும் வேளையில் அவனது நண்பன் ஹொரேஷியோ, எஞ்சிய நஞ்சைக் குடித்து உடன் இறக்க முனைகிறான். ஹம்லற் அதனைத் தடுத்து, உயிரோடிருந்து தன் கதையை உலகுக்கு எடுத்துச் சொல்லுமாறு வேண்டுகிறான். தண்டனை குற்றவாளியோடு முடிந்துவிடும். நடந்ததைச் சொல்லும் கடமை எஞ்சியவரிடம் விடப்படுகிறது.

தமிழர் விவகாரம் என்றே டெனிஷ் மக்கள் அந்த வழக்கை அழைக்கின்றனர். பெயர் எம்முடையது. ஆனால் அதைப் பற்றிய பேச்சில் அமைச்சரும் பிரதமரும் நீதிபதியும் வருகிறார்களேயன்றி, காத்திருந்த தாயும் பிள்ளையும் வருவதில்லை. அக்கதையை டெனிஷ்காரர் எமக்காகச் சொல்லப்போவதில்லை. அன்று முப்பது வயதில் விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவர் இன்று எழுபதை நெருங்குகிறார். அவரோடு அவரது நினைவும் போய்விடும்.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தன்னளவில் ஒரு சிறு காரியத்தைச் செய்யட்டும். பழைய பெட்டிகளிற் கிடக்கும் கடிதங்களையும் மறுமொழிக்காக எழுதிய மனுக்களையும் எடுத்து, விண்ணப்பித்த நாளையும், குடும்பம் வந்து சேர்ந்த நாளையும், இடையில் இழந்தவற்றையும் எழுதிவைக்கட்டும். தமிழில் எழுத முதியோர் இருக்கின்றனர். அதனை டெனிஷ் மொழியில் எழுத அவர்களின் பிள்ளைகள் இருக்கின்றனர். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுத இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியுள்ளன.